சலவை இயந்திரத்தில் தண்ணீர் ஏன் நிற்காமல் நிரம்புகிறது?

சிங்கப்பூரின் யீஷூனில் என் அக்கா குடியிருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், மேல்பக்கம் மூடி வைத்த சலவை இயந்திரம் ஒன்று ஒரு சனிக்கிழமை காலை விளிம்பு வரை நிரம்பி நின்றது. வழக்கமாகத் துணி நனைந்து மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் வந்ததும் குழாய் நின்று சுழற்சி தொடங்கிவிடும். அன்றும் சுழற்சி தொடங்கியது. ஆனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சுழல்வதை நிறுத்திவிட்டு இயந்திரம் மறுபடியும் தண்ணீர் பிடித்தது, பிறகு சுழன்றது, மறுபடியும் பிடித்தது. பழுதுபார்க்க வந்தவர் மூடியைத் திறந்து பார்த்தார், இரண்டு பொத்தான்களை அழுத்திப் பார்த்தார், "போர்டு போச்சு, மாத்தணும்" என்றார். போர்டு என்றால் இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை. அவர் சொன்ன தொகை புது இயந்திரத்தின் விலையில் ஏறக்குறைய பாதி. போர்டில் ஒரு குறையும் இல்லை என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது.

அவரைக் குறை சொல்வது என் நோக்கமன்று. தண்ணீர் மிஞ்சி நிரம்பும் பழுதுக்குக் காரணங்கள் மிகச் சிலவே. ஆனால் அவை எல்லாமே வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும், அதனால் எது என்று பிரித்தறியாமல் பாகத்தை மாற்றிப் பார்க்கும் பழக்கம் எளிதில் வந்துவிடுகிறது. அப்படி மாற்றப்படும் பாகங்களில் விலை அதிகமானது போர்டு, குற்றவாளியாக இருக்க வாய்ப்புக் குறைவானதும் அதுவே. பிரித்தறிவதற்குத் தேவைப்படுவது கருவிகளைவிட, இயந்திரம் தண்ணீரை எப்படி அறிந்துகொள்கிறது என்ற விளக்கம்தான்.

பெரும்பாலான வீட்டுச் சலவை இயந்திரங்கள் தண்ணீரை நேரடியாக அளப்பதில்லை, காற்றைத்தான் அளக்கின்றன. வாளித் தண்ணீரில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து அமிழ்த்தினால் உள்ளே அகப்பட்ட காற்று வெளியேற வழியின்றி இறுகுவதை எல்லோரும் கண்டிருப்போம். அதே ஏற்பாடுதான் இங்கும் இருக்கிறது. துணி சுழலும் துளையுள்ள உருளைக்கு வெளியே தண்ணீரைத் தாங்கும் ஒரு தொட்டி உண்டு. அந்தத் தொட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு சிறிய காற்றறையும், அதன் உச்சியிலிருந்து மேலே செல்லும் மெல்லிய ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குழாயும், குழாயின் மறுமுனையில் ஒரு பிரஷர் சுவிட்சும் இருக்கும். தொட்டியில் தண்ணீர் ஏற ஏற அறையில் சிக்கிய காற்று அழுந்துகிறது, அந்த அழுத்தத்தை வைத்துத்தான் இயந்திரம் தண்ணீரின் உயரத்தைக் கணக்கிடுகிறது.

இந்த அழுத்தம் எவ்வளவு சிறியது என்பதை எண்ணில் பார்த்தால்தான் பழுதின் தன்மை புரியும். 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தருவது ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல். தொட்டியில் 35 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலும் 3.5 கிலோபாஸ்கல்தான். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். ஆகவே, காலித் தொட்டிக்கும் நிறைந்த தொட்டிக்கும் உள்ள வேறுபாடு காற்றழுத்தத்தில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். சைக்கிள் டியூபில் இருந்தால் நாம் கவனிக்கவே மாட்டாத அளவுக்கு மெல்லிய கசிவு கூட இந்தக் குழாயில் பெரிய பொய்யைச் சொல்ல வைத்துவிடும்.

பழைய இயந்திரங்களின் பிரஷர் சுவிட்சுக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கும். போதிய அழுத்தம் வந்ததும் அது உப்பி, 'டிக்' என்ற ஒலியுடன் மின்தொடர்பை மாற்றும். இப்போது வருபவற்றில் பெரும்பாலும் மின்னணு சென்சார்தான். சவ்வு ஃபெரைட் என்ற காந்தப் பொருளின் துண்டு ஒன்றைக் கம்பிச்சுருளுக்குள் நகர்த்த, அந்தச் சுருள் உள்ள மின்சுற்றின் அலைவெண் மாற, அந்த அலைவெண்ணைப் போர்டு படித்துத் தண்ணீரின் மட்டத்தை அறிகிறது. தண்ணீர் கூடக்கூட அலைவெண் குறையும். வகை எதுவானாலும் குறை ஒன்றே: சவ்வுக்குக் காற்று சொல்வது மட்டுமே தெரியும். குழாயில் காற்று கசிந்தால், தொட்டி வழிந்துகொண்டிருக்கும்போதும் 'காலி' என்ற செய்திதான் போர்டுக்குப் போகும். அளவிடும் வழி கெட்டால் தண்ணீரை நிறுத்தும் பக்கம் சாயாமல், திறந்துவிடும் பக்கமே சாயும் அமைப்பு இது. சுமக்கும் பொருள் தண்ணீராக இருக்கும்போது, அதுவும் கீழ்வீட்டில் வேறொரு குடும்பம் இருக்கும்போது, எனக்கு இது அவ்வளவு நல்ல ஏற்பாடாகப் படவில்லை.

வடிவமைத்தவர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். ஆகவேதான் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டம் ஏறாவிட்டால் நிரப்புவதை நிறுத்திப் பிழைக்குறி காட்டுவது, ஆபத்தான மட்டத்தைச் சென்சார் கண்டால் வடிகால் பம்பைத் தானாக ஓடவிடுவது போன்ற காவல்களை வைத்திருக்கிறார்கள். இந்தக் காவல்களில் ஒரு வேடிக்கை உண்டு. பிழைக்குறி சொல்வது நடந்ததை அல்ல, இயந்திரம் நம்புவதை. எடுத்துக்காட்டாக, எல்ஜி இயந்திரங்களில் 'எஃப்இ' என்றால் தண்ணீர் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்றும், 'பிஇ' என்றால் நீர்மட்ட சென்சாரில் கோளாறு என்றும், 'ஐஇ' என்றால் தண்ணீர் வந்து சேரவில்லை என்றும் பொருள். இப்போது, தொட்டி நிரம்பி வழிகிறது, ஆனால் திரையில் 'ஐஇ' என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பலர் இதைப் பார்த்துக் குழம்பிப்போய்க் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிடுகிறார்கள். உண்மையில் அந்தக் குறி விலைமதிப்புள்ள சாட்சியம். கண்முன் இருக்கும் தண்ணீரை இயந்திரம் காணவில்லை என்றால், குறை அதன் கண்ணில், அதாவது காற்றறை, குழாய், சென்சார் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் இருக்க வேண்டும். மாறாக 'எஃப்இ' வந்தால் இயந்திரத்தின் கண் நன்றாகத் திறந்திருக்கிறது. தண்ணீர் மிஞ்சியதை அது பார்த்துவிட்டது, ஆனால் நிறுத்த முடியவில்லை. அப்போது சந்தேகிக்க வேண்டியது, இயந்திரத்துக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வை, அல்லது வால்வுக்கு மின்சாரம் அனுப்பும் பகுதியை. மற்ற நிறுவனங்களின் குறியெழுத்துகள் வேறாக இருக்கும். ஆனால் கையேட்டை எடுத்து, 'மிஞ்சியது' என்கிறதா, 'வரவில்லை' என்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வால்வின் கதை வேறு. குழாய்த் தண்ணீரை நிறுத்தி வைத்திருப்பது மின்காந்தத்தின் பலம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று, தண்ணீரை அடைத்து வைத்திருப்பது தண்ணீரின் அழுத்தமேதான். வால்வின் நடுவில் ஒரு ரப்பர் சவ்வும், அதன் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறுகலான ஒரு துளையும் உண்டு. அந்தத் துளை வழியாகத் தண்ணீர் சவ்வின் மேற்புறத்துக்கும் போய்ச் சேர்கிறது. மேற்புறத்தில் அழுத்தம் படும் பரப்பு அதிகம், அதனால் சவ்வு கீழ்நோக்கி அழுந்தி வாயை மூடிக்கொள்கிறது. கம்பிச்சுருளுக்கு மின்சாரம் வந்ததும் ஒரு சிறிய உலக்கை மேலே எழுந்து சவ்வின் நடுத்துளையைத் திறக்கிறது. மேலிருந்த தண்ணீர் அதன் வழியே வடிய, கீழிருந்து வரும் அழுத்தம் சவ்வைத் தூக்க, தண்ணீர் பாய்கிறது. மின்சாரம் நின்றால் உலக்கை நடுத்துளையை அடைக்கும், ஓரத்துளை வழியாக மேற்புறம் மறுபடி நிறையும், வால்வு மூடும்.

இதில் ஓரத்துளையை ஒரு மணல்துகள் அடைத்துவிட்டால் மேற்புறம் நிறைய வழியில்லை, சவ்வு இறங்க வழியில்லை. மின்சாரத்தை முழுவதும் துண்டித்தாலும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். துகள் சவ்வுக்கும் வாய்க்கும் இடையில் மாட்டினால் வெள்ளமாக வராது, நூல்போலக் கசியும். இவை இரண்டும் முழுக்க முழுக்க இயந்திரவியல் கோளாறுகள். மல்ட்டிமீட்டர் வைத்துச் சுருளின் மின்தடையை அளந்துவிட்டு, "வால்வு நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்வது அதனால்தான் தவறாகிறது. 230 வோல்ட்டில் இயங்கும் வால்வுகளில் பெரும்பாலும் 3 முதல் 5 கிலோ ஓம் வரை காட்டும். அந்த எண் சொல்வது வால்வு திறக்குமா என்பதை மட்டுமே, மூடுமா என்பதை அன்று. மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் டவரில் ஏறி இறங்கி நல்ல மீட்டர் ஒன்று வாங்கி வந்தவர்கள்கூட இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

அழுத்தமே மூடுகிறது என்பதற்கு நம் அடுக்குமாடி வீடுகளில் தனிப் பொருள் உண்டு. உயர்ந்த புளோக்குகளில் மேல்மாடி வீடுகளுக்குத் தண்ணீர் கூரைத் தொட்டியிலிருந்து இறங்கி வருகிறது. தொட்டிக்குக் கீழே 6 மீட்டரில் இருக்கும் குழாயில் கிடைக்கும் அழுத்தம் 60 கிலோபாஸ்கலுக்குச் சற்றுக் குறைவு. கூரைக்கு மிக அருகிலுள்ள மாடிகளுக்கென்று அழுத்தம் கூட்டும் பம்பு வைத்த புளோக்குகளும் உண்டு. அழுத்தம் குறைவான இடத்தில் வால்வு மெதுவாக மூடும், பழைய சவ்வாக இருந்தால் முழுதாக மூடாமலும் போகும். பதினைந்தாம் மாடியில் ஒழுகும் அதே வால்வு இரண்டாம் மாடியில் ஒழுகாமல் நிற்பது இதனால்தான். இன்னொன்று, மின்தூக்கிக் கூடத்தில் நகர மன்றம் ஒட்டும் 'நீர்த்தொட்டி சுத்தம் செய்யப்படும்' என்ற அறிவிப்பு. பலர் அதை அன்றைக்கு வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பதற்காக மட்டுமே படிக்கிறார்கள். தண்ணீர் திரும்ப வரும்போது குழாய்களில் படிந்திருந்த துகள்கள் கிளம்பி வரக்கூடும். முதல் வாளித் தண்ணீரை வேறு குழாயில் திறந்து ஓடவிட்ட பிறகு சலவை இயந்திரத்தைப் போடுவது நல்லது. வால்வின் வாயில் ஒரு சிறு வலைவடிகட்டி இருக்கும். அது பெரிய துகளைப் பிடிக்கும், நுண்ணிய துகளை விட்டுவிடும். வடிகட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தண்ணீர் வேகமாக வருகிறதென்று மகிழ்ந்த ஒருவரை எனக்குத் தெரியும், அந்த மகிழ்ச்சி அதிக நாள் நீடிக்கவில்லை.

மூன்றாவது காரணம் போர்டு. வால்வுக்குச் செல்லும் மின்சாரத்தைத் திறந்து மூடுவது பெரும்பாலும் டிரயாக் என்ற சிறு பாகம், சிலவற்றில் ரிலே. டிரயாக் கெட்டால் பொதுவாக 'ஷார்ட்' ஆகித் திறந்த நிலையிலேயே நின்றுவிடும். அப்போது வால்வுக்கு ஓயாமல் மின்சாரம் போகும். வெயிலும் மழைச்சாரலும் படும் சர்வீஸ் யார்டில் நிற்கும் இயந்திரங்களுக்குள் ஈரம் புகுவதும், எறும்போ பல்லியோ போர்டில் குடியேறுவதும் நாம் காணாதவை அல்ல. ஆனாலும் எண்ணிக்கையில் இது மற்ற இரண்டுக்கும் பின்னால்தான் வரும் என்பது என் அனுபவம்.

இனி பிரித்தறியும் முறை. மூடியைக் கழற்றத் தேவையில்லாத சோதனையே முதலில் வர வேண்டும். தண்ணீர் மிஞ்சிப் பாயும் அந்த நேரத்திலேயே சுவரிலுள்ள மின்சுவிட்சை அணைத்துவிடுங்கள். (தரை நனைந்திருந்தால் பிளக்கைத் தொடாமல் வீட்டின் மின்பலகையில் அணைப்பதே முறை. 2025 ஜூலை முதல் எல்லாக் குடியிருப்புகளிலும் இருக்க வேண்டிய மின்கசிவுத் துண்டிப்பானும் அங்கேதான் இருக்கும். நனைந்த இயந்திரம் அதைத் தட்டிவிட்டால், மறுபடி போட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டு முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும்.) மின்சாரம் போன பிறகும் தண்ணீர் வந்தால் குற்றவாளி வால்வுதான், போர்டுக்கும் சென்சாருக்கும் அதில் பங்கே இல்லை. தண்ணீர் குழாயை மூடிவிட்டு வால்வை மாற்றும் வேலையைப் பார்க்கலாம். மின்சாரம் போனதும் தண்ணீர் உடனே நின்றால் வால்வின் சவ்வு நன்றாக மூடுகிறது. திறக்கும்படி அதற்கு யாரோ தவறாகக் கட்டளையிடுகிறார்கள்.

அந்த 'யாரோ' போர்டா, சென்சாரா என்பதை அடுத்த சோதனை காட்டும். தண்ணீரை வடித்துவிட்டு, மின்சாரத்தைப் போட்டு, இயந்திரத்தின் 'பவர்' பொத்தானை மட்டும் அழுத்திவிட்டுக் காத்திருங்கள், 'ஸ்டார்ட்' அழுத்த வேண்டாம். அப்போதே தண்ணீர் கொட்டத் தொடங்கினால், யாரும் கேட்காமலே வால்வுக்கு மின்சாரம் போகிறது என்று பொருள். அதாவது டிரயாக் அல்லது ரிலே ஒட்டிக்கொண்டது. இந்த ஒரு நிலையில்தான் 'போர்டு போச்சு' என்ற பேச்சுக்கு ஆதாரம் இருக்கிறது. 'ஸ்டார்ட்' அழுத்திய பிறகு ஒழுங்காகத் தொடங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போனால் போர்டை விட்டுவிட்டுக் காற்றின் வழியைத் தேட வேண்டும்.

காற்றின் வழியில் குறை எந்த வகையானது என்பதைக்கூட நிரம்பும் விதமே சொல்லிவிடும். முதல் நிரப்பலில் சரியான மட்டத்தில் நின்று, பிறகு இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போனால் அது மெல்லிய கசிவு. அழுந்திய காற்று நிமிடங்களில் வடிய, இயந்திரம் தண்ணீர் குறைந்துவிட்டதென்று நம்பி ஈடுகட்டுகிறது. எடுத்த எடுப்பிலேயே எங்கும் நிற்காமல் வழிந்தால் குழாய் கழன்றிருக்கலாம், சென்சாரே செத்திருக்கலாம், அல்லது காற்றறையின் வாயைச் சோப்புக் கசடு அடைத்திருக்கலாம். இந்தக் கசடு தந்திரமானது. துணியின் நூல்தூசியும் சோப்பும் துணி மென்மையாக்கியும் சேர்ந்து கூழாக இறுகி, காலித் தொட்டியில் வாயை அடைத்தால் தண்ணீர் ஏறும்போது காற்று அழுந்தாது, இயந்திரம் மிஞ்சி நிரப்பும். தொட்டி நிறைந்திருக்கும்போது அடைத்தாலோ அழுத்தம் உள்ளேயே சிறைப்பட்டு, தண்ணீர் வடிந்த பிறகும் 'நிறைந்திருக்கிறது' என்று சென்சார் அடம்பிடிக்கும், அடுத்த சலவைக்குத் தண்ணீரே பிடிக்காது. ஒரு நாள் வழிவதும் மறுநாள் தண்ணீரே எடுக்காததுமாக ஆட்டம் காட்டும் இயந்திரம் ஏறக்குறைய எப்போதும் இந்தக் கசடின் வேலைதான்.

சென்சாரைச் சோதிக்கத் தண்ணீர் குழாயை மூடி, பிளக்கைக் கழற்றி, மேல்பலகையைத் திறந்து, சென்சாரிலிருந்து மெல்லிய குழாயை உருவ வேண்டும். குழாய்க்குள் மெதுவாக ஊதினால் தொட்டியின் அடியில் காற்று தடையின்றிப் போக வேண்டும். போகாவிட்டால் அடைப்பு. பழைய வகைச் சுவிட்சாக இருந்தால் அதன் வாயில் மெல்ல ஊதிப் பார்க்கலாம், 'டிக்' என்று கேட்கும், விட்டதும் மறுபடி கேட்கும். மெல்ல என்பது இங்கே வெறும் உபசார வார்த்தையன்று. முழு மூச்சில் ஊதினால் நம் வாய் தரும் அழுத்தம் தொட்டித் தண்ணீர் தருவதை எளிதாகத் தாண்டிவிடும், நல்ல சவ்வும் கிழியக்கூடும். மின்னணு சென்சாரில் ஒலி எதுவும் வராது. அதை மாற்றிப் பார்ப்பதே பெரும்பாலும் வழி. ஆனால் குழாயைச் சோதித்து முடித்த பிறகுதான் அதைச் செய்ய வேண்டும். போர்டின் விலையோடு ஒப்பிட்டால் சென்சாரின் விலை சிறியது, குழாயின் விலை கணக்கில் வராதது.

இயந்திரம் அணைந்திருக்கும்போதே இரவில் தண்ணீர் சேர்வது தனி வகை. காலையில் உருளைக்குள் தண்ணீர் கண்டால் முதலில் அதன் நிறத்தைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் என்றால் வால்வு கசிகிறது. வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினாலே 10 மணி நேரத்தில் ஏறக்குறைய 2 லிட்டர் சேரும். கலங்கிய, சோப்பு வாடையுள்ள தண்ணீர் என்றால் அது வால்விலிருந்து வந்ததே அன்று. வடிகுழாயைச் சமையலறைக் கழுவுதொட்டியின் கழிவுக் குழாயோடு இணைத்த வீடுகளில் அந்தத் தண்ணீர் பின்னோக்கி ஏறி வந்திருக்கும். சோப்புப் பெட்டியை வெளியே இழுத்துப் பார்ப்பதும் பயன் தரும். முன்பக்கக் கதவுள்ள இயந்திரங்களில் ஒரே உடலில் இரண்டு மூன்று வால்வுகள் இருக்கும், ஒவ்வொன்றும் பெட்டியின் ஒவ்வோர் அறைக்கும் தண்ணீர் அனுப்பும். ஈரம் சொட்டுவது சோப்பு அறையிலா, மென்மையாக்கி அறையிலா என்று பார்த்தால் எந்த வால்வு என்பது தெரிந்துவிடும்.

பழுதே இல்லாமல் பழுதுபோலத் தோன்றுபவையும் உண்டு. மேல்பக்க இயந்திரங்களிலும் இரட்டைத் தொட்டி இயந்திரங்களிலும் தண்ணீரை ஓடவிட்டு அலசும் முறை ஒன்று இருக்கும். அதில் தண்ணீர் மட்டத்துக்கு மேல் வந்து வழிகுழாயில் இறங்குவது வேண்டுமென்றே செய்யப்படுவது. சோப்பு அதிகமானால் நுரை பொங்கி மேலே வரும், அதைத் தண்ணீர் மிஞ்சியதென்று நினைப்பது இயல்பு. நேர்மாறான தோற்றமும் உண்டு: தண்ணீர் நிற்காமல் வருகிறது, ஆனால் தொட்டி நிரம்புவதே இல்லை. நம் வீடுகளில் வடிகுழாயைத் தரை வடிகாலில் நேராகப் போட்டுவிடும் பழக்கம் இதற்குக் காரணமாகலாம். அடியில் வடிகால் வால்வு கொண்ட மேல்பக்க இயந்திரங்களுக்கு அது சரி. பம்பு வைத்து வெளியேற்றும் முன்பக்க இயந்திரங்களில், குழாயின் நடுப்பகுதி தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேல் உயர்ந்து வளையாமல் தரையோடு தரையாகப் போனால், ஒருபுறம் நிரம்ப மறுபுறம் தண்ணீர் தானாக வடிந்துகொண்டே இருக்கும். அவற்றின் கையேடுகள் பொதுவாகத் தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தைக் கேட்பது இதற்காகத்தான்.

வெள்ளம் தரைக்கு வந்தால் யாருக்கும் தெரியும். தரைக்கு வராத வெள்ளத்தைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். வழிகுழாய் உள்ள மேல்பக்க இயந்திரத்தில் மிஞ்சும் தண்ணீர் சத்தமின்றி வடிகாலுக்குப் போய்விடும், துணியும் சுத்தமாக வந்துவிடும், யாருக்கும் சந்தேகம் எழாது. வால்வு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் விட்டால் ஒரு நாளில் 1.44 கன மீட்டர். 2025 ஏப்ரல் முதல் வீடுகளுக்கான தண்ணீர் விலை மாதம் 40 கன மீட்டர் வரை கன மீட்டருக்கு 3 வெள்ளி 24 காசு. ஆகவே நாளொன்றுக்கு நாலரை வெள்ளிக்கு மேல் வடிகாலில் இறங்குகிறது. மாதக் கட்டணச் சீட்டில் தண்ணீர் அளவு காரணமின்றி ஏறியிருந்தால், வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு வாசலருகே உள்ள தண்ணீர் மீட்டரைப் பார்க்க வேண்டும். முள்ளோ எண்ணோ நகர்ந்தால், சலவை இயந்திரத்தின் குழாயைத் திருகி மூடிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போது நின்றுவிட்டால் தேட வேண்டிய இடம் கிடைத்துவிட்டது. நிற்காவிட்டால் அடுத்தபடி கழிவறைத் தொட்டியைச் சந்தேகிக்கலாம்.

அக்கா வீட்டு இயந்திரத்துக்கு வருவோம். மின்சாரத்தை அணைத்தோம், தண்ணீர் நின்றது, வால்வு விடுபட்டது. பவர் மட்டும் போட்டுக் காத்திருந்தோம், ஒரு சொட்டும் வரவில்லை, போர்டு விடுபட்டது. முதலில் சரியாக நின்று பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது நினைவிருந்ததால் கசிவைத் தேடினோம். அக்கா கைவிளக்கைப் பிடிக்க, நான் மேல்பலகையைத் திறந்தேன். சென்சாரோடு சேரும் இடத்தில் ரப்பர் குழாயை ஒரு கம்பிக் கவ்வி இறுக்கியிருந்தது. நேராக வைத்துப் பார்த்தால் குழாயில் எதுவும் தெரியவில்லை. கவ்வியை நகர்த்திவிட்டு முனையை விரலால் வளைத்தபோது, கவ்வி இருந்த தடத்தின் அடியில் முடி அளவுக்கு ஒரு பிளவு வாய் திறந்தது, விட்டதும் மூடிக்கொண்டது. எட்டு ஆண்டு வெக்கையில் ரப்பர் காய்ந்து, கவ்வியின் விளிம்பு படும் இடத்தில் வெடித்திருக்கிறது. குழாயில் நீளம் தாராளமாக இருந்ததால் கத்தரிக்கோலால் முனையில் 2 சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு, புது முனையை அழுத்திச் செருகி, கவ்வியைப் பழைய தடத்தில் படாமல் மாட்டினோம்.

பழுது நீங்கியதா என்பதை ஒரு முழுச் சலவை ஓட்டிப் பார்க்காமலே அறியலாம். துணி இல்லாமல் தண்ணீர் பிடிக்கவிட்டு, மட்டம் நின்றதும் நிறுத்தி வைத்து, உருளையின் உட்சுவரில் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டினோம். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஓடவிட்டபோது இயந்திரம் தண்ணீர் கேட்காமல் நேராகச் சுழலத் தொடங்கியது. நிறுத்திப் பார்த்தால் மட்டம் நாடாவின் அதே விளிம்பில் நின்றது. அக்கா ஊற வைத்திருந்த போர்வையைத் தூக்கி உள்ளே போட்டார்.